ஒன்பது மாதம் ஆப்பிளோடு குடியிருந்த கம்ப்யூட்டர்

மூன்கோல்,
ஜூலை 26, சனிக்கிழமை.

நடுக்கடலில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருக்கும் தம்பி தொக்சுவுக்கு, ஆப்பிள் மரத்தடியில் மழையில் நனைந்துகொண்டிருக்கும் அண்ணி மல்சுன் எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? சோறு இறங்குகிறதா, இல்லை அந்தக் கப்பல் சமையல்காரர் இன்னும் மீனுக்குத் தொட்டுக்கொள்ள மீனையே தருகிறாரா? வியாழக்கிழமை பூசான் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பல் கிளம்புகிறதாம். இந்தக் கடிதத்தோடு மிளகாய் விழுது ஒரு டப்பா, எள்ளிலை ஊறுகாய் ஒரு டப்பா, முள்ளங்கிக் கிம்ச்சி இரண்டு டப்பா வருகின்றன. கிம்ச்சியைத் திறக்கும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வந்து சேர்வதற்குள் அது உங்கள் அண்ணன் மாதிரி ஆகியிருக்கும், தொட்டால் பொங்கும்.

மற்றதெல்லாம் சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. விதை அலுவலகத்தில் காகிதங்களைக் கொடுத்து முத்திரையும் வாங்கியாயிற்று. இந்த இரண்டு வரியையும் இன்னொரு தடவை படித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அப்புறம் கீழே போங்கள். போகப் போக உங்களுக்குக் கோபம் வரும். வந்தால் இந்த இடத்துக்கே திரும்பி வந்துவிடுங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நான் நாலாம் வகுப்போடு நின்றவள், முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரிசையாக வரும். பன்னிரண்டாம் வரிசையில் ஏழாவது மரம். மரம் முழுக்க ஃபூஜி ரக ஆப்பிள், அது அக்டோபர் கடைசியில்தான் பழுக்கும், ஆனால் அந்த ஒரே ஒரு கிளை மட்டும் செப்டம்பர் முடிவதற்குள் மணப்பெண் கன்னம் மாதிரி சிவந்து நிற்கும். உங்கள் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு நோய்க்கிளை என்று ரம்பத்தோடு போனார். நீங்கள்தான் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்று, இது நோய் இல்லை, புது ரகம் என்றீர்கள். அன்றிலிருந்து ஆறு வருஷம், என்றைக்குப் பூத்தது, என்றைக்குச் சிவந்தது, எவ்வளவு எடை, எவ்வளவு இனிப்பு என்று ஒன்று விடாமல் படத்தோடு அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தீர்கள். போன அக்டோபரில் விதை அலுவலகத்துக்கு விண்ணப்பத்தை எழுதிப் போட்டுவிட்டு, "இது மட்டும் நம்ம பேர்ல பதிவாயிட்டா இந்த ரெண்டு வருஷத்தோட எனக்குக் கடல் போதும் அண்ணி, கன்னு போட்டே பொழைச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினீர்கள். நான் கேலி செய்தேன், நினைவிருக்கிறதா? நாற்பது வயதுக்காரருக்கு ஒரு மரக்கிளையோடு கல்யாணம் ஆகப் போகிறது என்று. உள்ளுக்குள் எனக்கும் அதே ஆசைதான்.

நீங்கள் பஸ் ஏறிய அன்று சாயங்காலமே உங்கள் அண்ணன் கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்று வீட்டைச் சுற்றி வந்தார். உங்கள் அறையில் கூரை ஒழுகும். எங்கள் அறையில் நான் தட்டிவிட்டுவிடுவேனாம். கடைசியில் அவருக்கு உலகத்திலேயே நல்ல இடம் எது என்று தோன்றியது தெரியுமா? குளிர் அறை. அவர் சொன்ன காரணங்களையும் கேளுங்கள், தப்பு சொல்ல முடியாது. அதற்குத்தான் நல்ல பூட்டு இருக்கிறது. எலி வராது. மின்சாரம் போனால் மணி அடிக்கும். கம்ப்யூட்டர் சூடானால் கெட்டுவிடும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, "அக்டோபர்ல வச்ச பழத்த ஜூலைல கடிச்சா நேத்துப் பறிச்ச மாதிரி இருக்குல்ல, அப்ப மிஷின் மட்டும் கெட்டா போயிரும்?" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அதை மறைத்து என்ன பிரயோசனம். பழக்கூடைக்குள் விரிக்கிற பிளாஸ்டிக் பையைப் போட்டு, முதல் தரப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், தரையில் படாமல் மரச் சட்டத்தின் மேல், மாப்பிள்ளையை உட்கார வைக்கிற மாதிரி உட்கார வைத்தார். பழம் சுருங்காமல் இருக்கத் தினமும் தரையில் தண்ணீர் தெளிப்போமே, அப்போதும் கம்ப்யூட்டர் பக்கம் கொஞ்சம் கூடவே தெளித்தார். தம்பியின் பொருள் அல்லவா.

இப்படி ஒன்பது மாதம் போயிற்று. இந்த மாதம் பதினேழாம் தேதி விதை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு வருஷத்துப் பதிவுகளையும் படங்களையும் இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி. அதே வாரம் கன்றுப் பண்ணை யோமும் தன் பெயரில் ஒரு விண்ணப்பம் போடப் போகிறார் என்று கூட்டுறவுக் கிடங்கில் பேச்சு. போன வருஷம் நாம் இல்லாத நேரத்தில் நம் மரத்தில் நாலு குச்சி குறைந்ததே, அது எங்கே போய் ஒட்டுக்கட்டிக்கொண்டது என்று எனக்கு ஒரு யூகம் உண்டு, ஆனால் யூகத்துக்கு யாரும் முத்திரை குத்த மாட்டார்கள். நான் அன்றைக்கே, ஏங்க, கம்ப்யூட்டரை வெளியே எடுங்க என்றேன். உங்கள் அண்ணன் எடுக்கவில்லை. குளிர் அறை வைத்திருக்கிறவர்களின் புத்தி உங்களுக்குத் தெரியும். உள்ளே இருக்கிற வரைக்கும் அது கெடாது, எடுத்துவிட்டால் கெட ஆரம்பித்துவிடும், அதனால் எதையும் கடைசி நாளில்தான் எடுப்பார்கள். விலை ஏறக் காத்திருக்கிற மாதிரி அவர் ஆறு நாள் காத்திருந்தார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு எடுத்தார். வெளியே மழைக்காலப் புழுக்கம், சட்டை உடம்போடு ஒட்டுகிறது. கம்ப்யூட்டர் பனிக்கட்டி மாதிரி ஜில்லென்று இருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்து, உட்காரக்கூட விடாமல் மின்சாரத்தில் சொருகிவிட்டார். உள்ளே காற்றாடி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு நீளக் கூவல், மூன்று குட்டைக் கூவல், மறுபடி ஒரு நீளம், மூன்று குட்டை. பின்பக்கமாக வருகிற லாரி போடுகிற சத்தம் மாதிரியே இருந்ததால் உங்கள் அண்ணன் சட்டென்று ஒதுங்கி நின்றார். நான் சிரித்தேன். சிரித்தது தப்பு. அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அது குளிரில் விறைத்துப்போய்க் கத்துகிறது என்று அவர் முடிவு கட்டினார். ஜூலை மாதத்தில், தம்பி, குளிர்காலத்தில் தரையைச் சூடாக்குகிற பாய்லர் நம் வீட்டில் எரிந்தது. கூடத்தில் சூடு அதிகம் வருகிற மூலையில், நீங்கள் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் படுப்பீர்களே அந்த இடத்தில், கம்ப்யூட்டரைப் படுக்க வைத்துக் கனத்த ரஜாயைப் போர்த்தினார். எனக்கு அந்தக் காட்சியைப் பார்த்தால் சோயா மொச்சையைப் புளிக்க வைக்கிற மாதிரிதான் இருந்தது. மூன்று நாள் விட்டால் நூல் விட்டு வாசம் வரும், குழம்பே வைக்கலாம் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் கூடம் குளியலறை ஆகிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த உங்கள் அப்பாவின் படத்துக்கே வியர்த்துவிட்டது.

பதினோரு மணிக்கு நம்குங் வந்தார். கடைத்தெருவில் பாய்லர், டிவி, கம்ப்யூட்டர், ஊர் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஒரே திருப்புளியால் பழுது பார்க்கிறவர், உங்களோடு பள்ளியில் படித்தவர்தான். புகைபோக்கியில் புகையைப் பார்த்துவிட்டுப் பாய்லருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்து நேரே கொல்லைப்பக்கம் போய்விட்டார். பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம். ரஜாயை விலக்கியதும், "யாரு அண்ணே படுத்திருக்கா?" என்று கேட்டார்.

ஆனால் ஆள் வேலை தெரிந்தவர், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. மூடியைக் கழற்றி, உள்ளே சொருகியிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தாளில் பரப்பிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு தடவையும் காதைச் சாய்த்துக் கூவலைக் கேட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெட்டியில் எங்கேயோ ஒரு அழுகல் பழம் வாசனை வருகிறது என்றால் நாங்களும் இப்படித்தானே எடுத்து எடுத்து முகர்ந்து பார்ப்போம். கூவலுக்குக் கூவல் வித்தியாசம் இருக்கிறதாம், இத்தனை நீளம் இத்தனை குட்டை என்றால் இன்ன இடத்தில் கோளாறு என்று கணக்காம். மெமரி என்று ஒரு பச்சைத் தகடு, நாக்கு நீளம் இருக்கும், ஓரத்தில் வரிசையாகப் பொன் நிறப் பற்கள். அந்தப் பற்களில் பாசி பிடித்த மாதிரி மங்கலாக இருந்தது. நம்குங் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரப்பரை எடுத்தார். நான்காம் வகுப்பில் நான் தொலைத்த ரப்பர் மாதிரியே இருந்தது. அதை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்து, ஊதி, திரும்பச் சொருகினார். கூவல் நின்றுவிட்டது. திரையில் வெளிச்சம் வந்தது. உங்கள் அண்ணன் கைதட்டப் போய்ப் பாதியில் நிறுத்தினார், ஏனென்றால் திரையில் 2002 ஜனவரி 1 என்று எழுதியிருந்தது. உள்ளே கடிகாரத்துக்கு ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறதாம், குளிரில் அது செத்துவிட்டதால் கம்ப்யூட்டருக்கு நாள் தெரியவில்லை என்றார் நம்குங். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை, ஆறு வயது குறைந்ததில் சந்தோஷம்தான். கீழே இன்னொரு வரி இருந்தது. அதைப் படித்ததும் நம்குங் தலையைச் சொறிந்தார். பதிவுகள் எல்லாம் இருக்கிற பெட்டகம், ஹார்ட் டிஸ்க், அதைக் காணவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறதாம்.

காணாமல் எங்கே போகும், கண்ணெதிரேதான் இருக்கிறது, உள்ளங்கை அகலம். ஆனால் அது டக், டக், டக் என்று உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் போட்டது. நம்குங் அணைத்தார், போட்டார். டக் டக். மறுபடி அணைத்தார், போட்டார். ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் சத்தம் கனத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் திருப்புளியை வைத்துவிட்டு, உங்கள் அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "டிஸ்க் போயிருச்சுக்கா. சியோலுக்கு அனுப்பினா ரெண்டு மூணு வாரத்துல எதாவது மீளும்" என்றார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஆறாவது தடவையாகப் போட்டுப் பார்க்க நம்குங் கையை நீட்டினார்.

அப்போதுதான் நான் பார்த்தேன். டிஸ்க்கின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கி வந்து, தாளில் விழுந்து, வட்டமாக ஊறியது. நான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டேன்.

நம்குங் பதறிவிட்டார். உங்கள் அண்ணன், என்ன பண்றே என்று கையைப் பிடித்தார். நான் குளிர் அறைக்குப் போய் ஒரு ஃபூஜியை எடுத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். காபி போட்டுக் கொடுத்தேன். குடியுங்கள், குடித்துவிட்டுப் பேசலாம் என்றேன். நம்குங் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாதிக் காபி குடிப்பதற்குள் பழம் மேலெல்லாம் முத்து முத்தாக வியர்த்து, முழுக் காபி முடிவதற்குள் தான் விட்ட தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தது. குளிர் அறையிலிருந்து எடுத்த பழத்தை இந்த மழை நாளில் உடனே பெட்டியில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அது நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷம் உங்கள் அண்ணனே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அட்டை ஊறிப் பெட்டி பிய்ந்துவிடும். அதனால் ஒரு நாள் கொட்டகையில் பரப்பிப் போட்டுக் காற்றாட விட்டுத்தான் பெட்டியில் அடுக்குவோம்.

"அக்கா, இது ஆப்பிள் இல்லக்கா" என்றார் நம்குங்.

"ஒன்பது மாசம் ஆப்பிளோட இருந்துச்சில்ல, அந்தப் பழக்கம் வந்திருக்கும்" என்றேன். "நீ ஈரத் துணி கட்டியிருக்கிறவன மறுபடி மறுபடி மின்சாரத்துல தொட வைக்கிற. அவன் கதவத் தட்டாம என்ன பண்ணுவான்?"

உங்கள் அண்ணன் முகத்தில் அப்போது ஒரு நிறம் வந்தது பாருங்கள், அந்தக் கிளை செப்டம்பரில் சிவக்குமே, அந்த நிறம். முப்பது வருஷமாகத் தினமும் பழத்துக்குச் செய்கிறதைக் கம்ப்யூட்டருக்குச் செய்யத் தோன்றவில்லை அவருக்கு. தோன்றிய பிறகு ஒரேயடியாகத் தோன்றிவிட்டது. மிளகாய் காய வைக்கிற சூட்டு அலமாரியில் அறுபது டிகிரியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நம்குங்கும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தினோம். அது ஒன்றில்தான் அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

பழம் அடுக்குகிற கொட்டகையில் பலகை மேல் செய்தித்தாள் விரித்து, கம்ப்யூட்டரின் உறுப்புகளைத் தனித்தனியாகப் பரப்பி, இரண்டு மின்விசிறியைத் தூரத்தில் வைத்து ஓடவிட்டோம். வெயில் இல்லை, சூடு இல்லை, காற்று மட்டும். வியாழன் சாயங்காலம் வரை யாரும் தொடக் கூடாது என்று நான் சட்டம் போட்டேன். புதன்கிழமை மத்தியானம் நீங்கள் கப்பலிலிருந்து பேசினீர்களே, மூன்றே நிமிஷம், கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது அண்ணி என்று கேட்டீர்களே, நல்லா காத்தாட இருக்கு தம்பி என்றேன். அது பொய் இல்லை. நீங்கள் போனை வைத்த பிறகு கொஞ்சம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன், இப்போது எழுதலாம்.

உங்கள் அண்ணன் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சோற்றைக் கொட்டகைக்கே கொண்டு போனேன். காற்றில் தாள் பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு ஆப்பிளை வைத்திருந்தார். நான் வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சீண்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "நான் அன்னைக்கு ரம்பத்த எடுத்துட்டுப் போனேன். அவன் குறுக்க நிக்கலன்னா கிளையே இல்ல. இப்ப அவன் எழுதி வச்சதையும் நானே அழிச்சிட்டேன்" என்றார். உங்கள் அண்ணன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது இருபது வருஷத்தில் இரண்டாவது தடவை. முதல் தடவை மாடு காணாமல் போனபோது.

வியாழக்கிழமை மத்தியானம் கன்றுப் பண்ணை யோம் ஒரு தர்ப்பூசணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் வெறுங்கையோடு வந்தாலே சந்தேகப்படுவேன், பழத்தோடு வந்தால் கேட்கவே வேண்டாம். பலகையைப் பார்த்து, "என்ன, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?" என்றார். குளிக்கப் போயிருந்தது, தலை துவட்டுகிறோம் என்றேன். அவர் உட்கார்ந்து தர்ப்பூசணியை வெட்டி நாலு துண்டைத் தானே சாப்பிட்டுவிட்டு, பதிவு இல்லாவிட்டால் மனதை விடக் கூடாது, பக்கத்துத் தோட்டம் என்று எதற்கு இருக்கிறோம், தன் பெயரில் போட்டுவிட்டால் தொக்சுவுக்கும் ஏதாவது பார்த்துச் செய்யலாம் என்றார். உங்கள் அண்ணன் முக்காலியிலிருந்து எழுந்தார். நான் பயந்தேன். ஆனால் அவர் மின்விசிறியை மட்டும் கொஞ்சம் திருப்பினார், யோம் மடியில் வைத்திருந்த விதையெல்லாம் பறந்து அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டது. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு யோம் என்றார், அவ்வளவுதான். அவர் போன பிறகு மீதித் தர்ப்பூசணியை நாங்கள் சாப்பிட்டோம். இனிப்பாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

ஐந்து மணிக்கு நம்குங் புது பொத்தான் பேட்டரியோடு வந்தார். உறுப்பெல்லாம் எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பொருத்தினார். போட்டார். கூவல் இல்லை. திரை வந்தது. நாளைச் சரியாக வைத்தார். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம்.

டக். டக். டக்.

நம்குங் உடனே அணைத்துவிட்டார். ஐந்து தடவை போட்டுப் பார்க்கிற பழக்கம் போய்விட்டது, அந்த மட்டில் நல்லது. சாமான்களைப் பைக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்தார். உங்கள் அண்ணன் கொட்டகை வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் டிஸ்க்கைக் கையில் எடுத்துப் புரட்டினேன். அடியில் ஒரு பச்சைத் தகடு, சின்னச் சின்னத் திருகால் முடுக்கியிருந்தது.

"மெமரிக்குப் பல்லு தேச்சியே, இதுக்குப் பல்லு இல்லையா?" என்றேன்.

நம்குங் பையை மூடுவதை நிறுத்தினார். அப்புறம் உட்கார்ந்து, நட்சத்திர முனைத் திருப்புளி ஒன்றைத் தேடி எடுத்து, அந்தத் தகட்டைக் கழற்றிப் புரட்டினார். உள்பக்கத்தில் எள்ளு அளவில் வரிசையாகப் பொட்டுகள். பொன் நிறமாக இருக்க வேண்டியவையாம், கறுத்துப் போயிருந்தன. டிஸ்க்குக்குள் இருக்கிற ஊசியோடு தகடு பேசுவதே இந்தப் பொட்டுகள் வழியாகத்தானாம். ஒன்பது மாதம் நாங்கள் தெளித்த தண்ணீர், தம்பி, உள்ளே போய்ப் பொட்டுகளைக் கறுக்க வைத்திருக்கிறது. கூடத் தெளித்தது யார் என்று மேலேயே எழுதிவிட்டேன். நம்குங் ரப்பரை எடுத்தார். தேய்த்தார், ஊதினார், தேய்த்தார். கல்யாணத்தன்று என் நெற்றியில் ஒட்டிய சிவப்புப் பொட்டுக்குக்கூட யாரும் அவ்வளவு நேரம் செலவழிக்கவில்லை. முடுக்கிப் பொருத்திப் போட்டார்.

இந்தத் தடவை தட்டவில்லை. உள்ளே ஏதோ மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து, தூங்குகிற பூனை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் திரை நீலமாயிற்று, அதில் வரிசையாக உங்கள் மஞ்சள் கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வருஷம். நம்குங் முதல் கோப்பைத் திறந்தார். முதல் படம் என்ன தெரியுமா? சிவந்த கிளை, அதற்குப் பின்னால் இன்னும் பச்சையாக இருக்கிற மரம், ஓரத்தில் ரம்பத்தோடு முறைத்துக்கொண்டு நிற்கிற உங்கள் அண்ணன். வாசலில் நின்றவர் மெல்ல வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். "அப்பவே எனக்கு வழுக்கை விழுந்திருக்கு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை கூட்டுறவு அலுவலகத்தில் எல்லாவற்றையும் அச்சடித்தோம், நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மழையில் நனையாமல் இருக்கப் பழப் பெட்டியில் வைத்து, மேலே பிளாஸ்டிக் கட்டி, சின்ன லாரியில் போனோம். வழியெல்லாம் நான் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். மூன்று நாற்பதுக்குக் கொடுத்தோம். அங்கே இருந்த பெண் ஒவ்வொரு வருஷமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக யார் எழுதினது என்று கேட்டாள். கடலில் இருக்கிறார், இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன். முத்திரை குத்தினாள். செப்டம்பரில் ஆட்கள் வந்து மரத்தை நேரில் பார்ப்பார்களாம், கிளையில் பழம் நல்லபடி இருக்க வேண்டுமாம். வெளியே வந்து ஒரு கடையில் குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டோம். உங்கள் அண்ணன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, மீசை இல்லாத இடத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்படியோ, ஒன்பது மாசம் ஒரு எழுத்துகூட அழியாம வச்சிருந்தது குளிர் அறைதானே" என்றார். சந்தோஷத்தில் இருக்கிற மனிதரோடு சண்டை போட்டால் ருசிக்காது.

ஆகவே தம்பி, நீங்கள் நிம்மதியாக மீன் பிடியுங்கள். இரவில் மேல்தளத்தில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். மாலுமிகளோடு சீட்டு ஆடாதீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்தால் கையில் இருக்கிற சீட்டு தெரிந்துவிடும். உங்கள் அண்ணன் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். உண்மையில் சொல்லவில்லை, நான் எழுதுகிற காகிதத்தைச் சுற்றி மூன்று தடவை நடந்தார், அதற்கு அதுதான் அர்த்தம். நம்குங் உங்களுக்கு வணக்கம் சொன்னார், இனிமேல் நனைந்த மிஷின் எது வந்தாலும் பக்கத்தில் ஒரு ஆப்பிளை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவாராம். உங்கள் அப்பா அம்மா ஆசியால் நீங்கள் நல்லபடியாகக் கரை சேர வேண்டும். அதுவரை இந்த வீட்டில் உங்கள் பொருள் எதற்கும் உங்கள் அண்ணனால் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நலத்தையே நினைக்கும் அண்ணி,
மல்சுன்.

பின்குறிப்பு: ஞாயிறு காலை. உறையை ஒட்டப் போன நேரத்தில் ஒன்று நடந்துவிட்டது. நீங்கள் போகும்போது கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டியைத் துடைக்கலாம் என்று கவிழ்த்தேன், அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. உங்கள் கையெழுத்து. "அண்ணி, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து மூன்று சிடியில் பதிந்து உங்கள் தையல் பெட்டியில் வைத்திருக்கிறேன். அலுவலகத்திலிருந்து கேட்டால் அதைக் கொடுத்தால் போதும், கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம்." அந்த மூன்று சிடியும் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதம் ஊசி தேடும்போது பளபளவென்று மூன்று வட்டத் தகடுகள் கிடைத்தன. நீங்கள் கேட்டு முடித்த பழைய பாட்டு என்று நினைத்து, நடுவில் இருக்கிற ஓட்டையில் நூல் கோத்து, பழத்தைக் கொத்த வருகிற கருப்பு வெள்ளைக் காக்கைகளை விரட்ட ஏழாவது மரத்தில், அந்தக் கிளையிலேயே, தொங்கவிட்டேன். அன்றிலிருந்து பெய்த மழையில் உரிந்து, கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிகிறது. ஆனால் தம்பி, காற்றில் அது சுற்றி மின்னுகிற மின்னலில் ஒரு காக்கை கிட்டே வரவில்லை, ஒரு பழத்தில் ஒரு கொத்து இல்லை. உங்கள் அண்ணன் தினமும் காலையில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் மூளை இருக்கிற ஒரே ஆள் நீதான் என்று வேறு சொல்கிறார். அதனால் ஒரே ஒரு உதவி. இந்தப் பின்குறிப்பு இருக்கிற தாளை மட்டும் கிழித்துக் கடலில் போட்டுவிடுங்கள். உங்கள் அண்ணனைப் பற்றி முன்னால் எழுதியிருக்கிற தாள்களை எல்லாம் அப்படியே பத்திரமாக வைத்திருங்கள்.